சுவரொட்டியில் வீரனுக்கு இடம் உண்டோ?

கலைகள் பலவற்றுள்ளும் வீதியிலே பிறந்து வீதியிலே மடிவது சுவரொட்டிக் கலை ஒன்றே. காவியம் ஏட்டில் வாழ்கின்றது. சிற்பம் கோயிலில் வாழ்கின்றது. ஓவியம் காட்சிச்சாலையில் காவலுடன் வாழ்கின்றது. சுவரொட்டியோ வெயிலுக்கும் மழைக்கும் ஆட்டின் வாய்க்கும் தன்னை ஒப்புவித்து, நாலு நாள் ஊரோடு பேசி ஓய்ந்துவிடுகின்றது. ஆயினும், ஒரு சமுதாயம் எவரை மதிக்கின்றது, எதனைக் காண விரும்புகின்றது என்று அறிய விழைவோர்க்கு அதன் நூல்நிலையத்தைவிட அதன் சுவர்களே விரைவில் விடை பகரும். எனவே, இக்கலையைச் சிறிதென்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

இக்கட்டுரை விளையாட்டுச் சுவரொட்டிகளைப் பற்றியது. ஒருபுறம் 1928ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் அச்சான சில வண்ணத்தாள்கள். மறுபுறம் இன்று முக்கூடலிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கபடிப் போட்டிக்காக நிறுத்தப்படும் பெரும்பதாகைகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், நாம் கொள்ளத்தக்கதும் அஞ்சத்தக்கதும் ஒருங்கே புலப்படும். (பள்ளு நூலுக்கு இடமான முக்கூடல் சீவலப்பேரியை அடுத்த கூடல் என்பர் அறிஞர். ஈண்டுக் குறிக்கப்படுவது தாமிரவருணியின் வடகரையில், பீடித்தொழிலால் பெயர்பெற்று விளங்கும் முக்கூடல்.)

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் ருஷிய நாட்டை ஆளவந்தோர்முன் பெருந்தடை ஒன்று நின்றது. நாடோ பரந்தது, எழுத்தறியாதாரோ பலர், தாளும் மையும் அரியவாயின. ஆதலின் செய்தியைக் கண்வழியே புகட்ட வேண்டியிருந்தது. 1919 முதல் 1921 வரை மாயகோவ்ஸ்கி என்னும் கவிஞரும் அவர்தம் தோழரும் அன்றன்றைய செய்திகளைச் சித்திரமும் சிறுபாட்டுமாக ஆக்கி, வெட்டட்டை வழியே வண்ணம் தேய்த்துப் படிகள் எடுத்து, வெற்றுக் கடைகளின் சாளரங்களில் ஒட்டிவந்தனர். 1920இல் மாஸ்கோவில் தோன்றிய புதிய கலைக்கல்லூரியில், ஓவியம் செல்வர் மாளிகைக்கு அணிகலன் அன்று, அது பொறியைப் போலப் பயன்படுபொருள் என்னும் கொள்கை ஓங்கியது. கோடு, வட்டம், சாய்வு, தட்டையான இரண்டு மூன்று நிறங்கள், தடித்த எழுத்து, வெட்டி ஒட்டிய புகைப்படம் ஆகியவையே அவர்கள் கையாண்ட கருவிகள். தொங்கல்களும் பூவேலைகளும் அறவே நீக்கப்பட்டன.

1928 ஆகஸ்டு மாதத்தில் மாஸ்கோவில் ஸ்பார்த்தாகியாடு என்னும் தொழிலாளர் விளையாட்டுப் பெருவிழா நிகழ்ந்தது. பண்டை ரோமாபுரியில் மற்போர் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்த ஸ்பார்த்தகஸின் பெயரே அவ்விழாவிற்கு இடப்பட்டது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் விழாவும் நிகழ்ந்தது. அங்கேதான் இந்திய ஹாக்கி அணியினர் முதன்முதலாகப் பொற்பதக்கம் வென்றனர். தியான் சந்த் என்னும் இளைஞர் அத்தொடரில் 14 இலக்குகள் அடித்தார். சோவியத் நாடோ ஒலிம்பிக்கைச் செல்வர் விழா என ஒதுக்கி, 1952இல் ஹெல்சிங்கிக்குச் செல்லும்வரை அதிற் கலவாதே நின்றது.

மாஸ்கோ விழாவிற்காக அஞ்சலட்டைத் தொகுதி ஒன்றை அமைத்தவர் குஸ்தாவ் குளுட்சிஸ். அவர் 1895இல் லாத்வியாவில் பிறந்தவர். வட்டு எறிவோன், பந்தடிப்போர், நீரிற் குதிப்போர், குறிபார்த்துச் சுடுவோர் முதலியோரின் கருப்பு வெள்ளைப் புகைப்படங்களை வெட்டியெடுத்து, செந்நிற வட்டங்களின்மீதும் சாய்ந்த பட்டைகளின்மீதும் அவர் பொருத்தினார். அவற்றுள் நேர்நின்று முகங்காட்டுவார் அரியர். உடல் வில்லென வளைந்திருக்கின்றது. கை எறிந்த திசையிலே கோடு ஓடுகின்றது. எழுத்தும் அத்திசையிலேயே ஓடுகின்றது. காண்போன் கண் ஓரிடத்தும் தங்காது சுழல்கின்றது. தாள் அசையவில்லை; ஆனால் ஆட்டம் அசைகின்றது! எல் லிஸிட்ஸ்கி என்பார் 1926ஆம் ஆண்டளவில் ஆக்கிய மற்றொரு படத்தில், தடைதாண்டி ஓடும் வீரன் ஒருவன் நள்ளிரவில் ஒளிவிளக்குகள் மின்னும் மாநகரின்மேல் பாய்கின்றான். அவன் பெயரும் ஊரும் நமக்குத் தோன்றவில்லை, பாய்ச்சலே தோன்றுகின்றது.

இவர்கள் கூட்டத்தைச் சார்ந்த வர்வாரா ஸ்டெபானோவா என்னும் பெண்மணி 1923இல் விளையாட்டு உடைகளை வரைந்து, அவற்றின் நெறியையும் விளக்கினார். பார்ப்போர் நெடுந்தொலைவில் அமர்ந்திருப்பர். தையல் நுணுக்கம் அவர்க்குத் தோன்றாது. ஆதலின் அணியை அணியினின்றும் பிரித்துக்காட்ட வன்மையான நிறமும் குறியுமே வேண்டும் என்பது அவர் கருத்து. நிறத்திற்கு ஆட்டக்களத்திலே உள்ள பணி இது ஒன்றே என்பதை நினைவில் வைப்போமாக. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

ஈண்டுச் சிலர், “இஃது அயலார் வழி, கடுங்குளிர் நாட்டில் முளைத்த செடி நம் கரிசலில் வேர்விடுமோ?” என்று வினவக்கூடும். முளைத்த இடம் எதுவாயினும், அதன் உயிர்நாடி தமிழர்க்குப் புதிதன்று என்பதே நம் விடை. எழுத்தைச் சித்திரமாக்குதல் நம் இலக்கணிகள் வகுத்த நெறியேயாம். தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவியை விரித்துரைக்கின்றது. இதே தாமிரவருணிக் கரையிலுள்ள திருக்குருகூரில் தோன்றிய திருக்குருகைப் பெருமாள் கவிராயர் தம் மாறனலங்காரத்துள் அவ்வகைகளைப் பெருகக் காட்டியுள்ளார். செய்யுளின் எழுத்துக்கள் தேராகவும் பாம்பாகவும் தாமரையாகவும் நிற்கும்போது, படிப்பதும் பார்ப்பதும் ஒரே தொழிலாகிவிடுகின்றன. மாஸ்கோக் கலைஞர் அச்செழுத்தைக் கொண்டு செய்ய முயன்றதும் அதுவே.

இனி, அசைவைச் சுவரில் நிறுத்துங் கலைக்கும் நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. முக்கூடலுக்கு அணித்தாக உள்ள திருப்புடைமருதூர்க் கோயிற் கோபுரத்தின் உள்நிலைகளில் ஏறிக் காண்போர், போரணிகளும் பாயும் குதிரைகளும் கலத்தில் வந்திறங்கும் பரிகளும் நிரல்நிரலாகத் தீட்டப்பட்டிருத்தலைக் காணலாம். தட்டையான நிறம், திண்ணிய கோடு, திரும்பத் திரும்ப வரும் உருவத்தால் எழும் வேகம் ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. அச்சுத்தொழிலோ நமக்கு அயலதன்று. 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய சிவகாசி, அத்தொழிலின் ஒட்டுத்தாள்களை அச்சிடத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் நாட்காட்டிகளை அனுப்பும் நகராக வளர்ந்தது. கோவில்பட்டியில் தங்கி வாழ்ந்த கொண்டையராஜுவின் தெய்வப்படங்கள் அந்நாட்காட்டிகள் வழியே குடிசைதோறும் புகுந்தன. கண்ணும் கையும் பொறியும் நம்மிடம் குறைவின்றி இருந்தன, இருக்கின்றன என்பது இதனால் தெளியப்படும்.

அங்ஙனமாயின் நம் விளையாட்டுப் பதாகைகள் எந்நிலையில் உள்ளன? பொங்கலும் கோயிற் கொடையும் வந்துவிட்டால் ஊர்தோறும் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்னும் அறிவிப்பு எழுகின்றது. முன்னாளில் அது மெல்லிய வண்ணத்தாளில் ஈய எழுத்தால் அச்சான துண்டறிக்கை. அல்லது சுண்ணாம்பு பூசிய சுவரில் கைதேர்ந்த ஓவியர் எழுதிய எழுத்து. இக்காலத்தில் அது கணிப்பொறியில் அமைத்து வழவழப்பான பிளெக்ஸ் துணியில் அச்சிட்ட பதாகை. அதில் மேலே தலைவர் முகங்கள். நடுவே நன்கொடையாளர் முகங்கள். கீழே வரவேற்போர் முகங்கள் வரிசை வரிசையாக. கைபேசியைக் காதில் வைத்தவர் ஒருவர், கறுப்புக் கண்ணாடி அணிந்தவர் ஒருவர், கைகூப்பியவர் பலர். பரிசுத் தொகையும் நுழைவுக் கட்டணமும் தீப்பற்றி எரியும் எழுத்தில் உள்ளன. ஆனால் ஆடப்போகும் எழுவர் எங்கே? பாடிச் செல்வோன் எங்கே? மூலையில், வேற்றூர் ஆட்டக்காரர் எவரோ ஒருவரின் படம் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டிருந்தால் அதுவே பெரும்பேறு.

இம்மாற்றத்திற்கு அச்சுமுறையே ஒரு காரணம் என்பது நம் கருத்து. கல்லச்சிலும் ஈய அச்சிலும் ஒரு தாளுக்கும் ஆயிரம் தாளுக்கும் முன்னேற்பாட்டு உழைப்பு ஒன்றே. ஆகவே ஊரார் கூடி ஒரே வடிவத்தைத் தேர்ந்து பல படிகள் எடுத்தனர். அத்தாள் ஊருக்குப் பொதுவாயிற்று. பிளெக்ஸ் அச்சிலோ ஒரே ஒரு படியையும் எளிதில் எடுக்கலாம். ஆகவே நூறு ரூபாய் கொடுத்தவனும் தனக்கென ஒரு பதாகை, தன் முகத்துக்கென ஓர் இடம் வேண்டுகின்றான். கருவி எளிதாயிற்று, பொதுமை அரிதாயிற்று.

முகம் அச்சிடுதல் எங்குமே பிழை என்பது நம் கொள்கையன்று. சான்றாக, பீடித்தொழிலை நோக்குக. சுளகில் இலையும் தூளும் வைத்து நம் தாய்மாரும் அக்காமாரும் சுற்றும் பீடி, கட்டாகி ஒட்டுத்தாளோடு வெளிச்செல்கின்றது. உரிமையாளர் படத்தையே வணிகக்குறியாக அத்தாளில் அச்சிடுதல் இத்தொழிலில் நெடுநாள் வழக்கு. எழுத்தறியாத உழைப்பாளியும் அம்முகத்தைக் கண்டு, இன்ன சரக்கு இது எனத் தேர்ந்துகொள்வான். அங்கே முகம் பொருளுக்குப் பிணை. கபடிப் பதாகையில் உள்ள முகம் எதற்குப் பிணை? அவர் பாடிச் செல்லப் போவதில்லை, பிடிக்கப் போவதுமில்லை. சுற்றியவள் முகம் ஒட்டுத்தாளில் இல்லாதது போலவே, ஆடுபவன் முகமும் பதாகையில் இல்லை. உழைப்பவர் மறைந்தே நிற்றல் நம் அச்சுத்தாள்களுக்கெல்லாம் பொதுவிதியாகிவிட்டது போலும்!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அது நிறத்தைப் பற்றியது. ஸ்டெபானோவா நிறத்தை அணிபிரிக்கும் கருவியாகக் கண்டார். நம் மாவட்டங்களிலோ நிறம் சாதி பிரிக்கும் கருவியாகியிருக்கின்றது. கையிற் கட்டும் கயிறும், நெற்றியிலிடும் குறியும், பனியன் நிறமும், பதாகையின் ஓரக்கோடும் இன்னார் இன்ன குலத்தார் என்று கூவுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை, உடன்பயின்றோரே சாதிப்பகையால் அவர் வீட்டினுள் புகுந்து வெட்டிய கொடுமையை நாடு அறியும். அதன்பின் அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் வண்ணக்கயிறு கட்டுதலைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. கயிற்றைத் தடுத்தல் நன்றே. ஆனால் பள்ளி மதிலுக்கு வெளியே, அதே நிறங்கள் இருபது அடி உயரத்தில் காற்றில் ஆடும்போது, சிறுவன் எதனைப் பாடமாகக் கொள்வான்?

கபடியின் இயல்போ இதற்கு நேர்மாறானது. இவ்வாட்டத்தில் தொடுதலே வெற்றி. தீண்டாது ஒருவனும் ஆட இயலாது. எதிரியின் காலைக் கட்டிப் பிடிப்பவனும், பிடியினின்றும் திமிறி நடுக்கோட்டைத் தொடுபவனும் ஒருவர் வியர்வையில் ஒருவர் நனைகின்றனர். அக்களத்தில் வகுப்பு வரம்பு நிற்பதெங்ஙனம்? அயல்மாவட்டமான தூத்துக்குடியின் மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து எழுந்த கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார்; அருச்சுனா விருதும் பெற்றார். அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2025இல் திரைப்படமும் வெளிவந்தது. அத்தகையோர் பிறந்த மண்ணின் பதாகையில் ஆட்டக்காரனுக்கு ஓரடி இடமும் இல்லையென்றால் அது நாணத்தக்கதன்றோ?

நிற்க. ருஷியக் கலைஞரை நாம் போற்றியதனால், அந்நாட்டு ஆட்சியின் செயலனைத்தையும் போற்றினோம் என எவரும் கொள்ளற்க. அக்கலையின் பிற்காலம் நமக்கு ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் பெயரறியா வீரனே தாளின் நடுவில் நின்றான். ஆண்டுகள் செல்லச் செல்லத் தலைவன் முகம் உள்ளே புகுந்தது. 1931இல் குளுட்சிஸ் ஆக்கிய ஒரு சுவரொட்டியில் ஸ்டாலின் தொழிலாளரோடு ஒரே அணியில் நடந்து செல்கின்றார். பின்வந்த தாள்களில் அம்முகம் மலைபோல் வளர, மக்கள் அதன் அடியில் எறும்பெனச் சிறுத்தனர். 1932 ஏப்ரலில் வந்த அரசாணை கலைஞர் குழுக்கள் அனைத்தையும் கலைத்து ஒரே குடைக்கீழ் ஆக்கியது. விளையாட்டும் செஞ்சதுக்கத்து அணிவகுப்பாக மாறியது. 1938 ஜனவரியில் குளுட்சிஸ் சிறைப்பட்டார். பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த முகத்தைத் தம் கத்தரியாலும் பசையாலும் பெரிதாக்கினாரோ, அம்முகத்திற்கு உரியவரின் ஆட்சியே அவரை விழுங்கிற்று. அவர்மீது சாட்டிய குற்றம் பொய்யென 1956இல் அந்நாடே ஒப்புக்கொண்டது. ஒப்பி என்ன பயன்?

நம் பதாகையிலுள்ள முகங்கள் எவரையும் கொல்லவில்லையே எனச் சிலர் நகைக்கலாம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலையிலே சென்ற இளம்பெண் ஒருவர்மீது வாழ்த்துப் பதாகை சரிந்து வீழ்ந்ததும், அவர் உயிர் மாண்டதும் அதற்குள் மறந்தனவோ? ஆயினும் நாம் சொல்லவந்தது உடலைக் கொல்லுதலைப் பற்றியன்று. களத்தில் ஆடுவோனைவிடப் பதாகையில் நிற்போனே பெரியன் என்று சிறுவர் உள்ளம் கற்றுக்கொள்ளுமாயின், ஆட்டத்தின் அறம் அங்கே மடிகின்றது. அப்பாடத்தை ருஷியா பதின்மூன்று பதினான்கு ஆண்டுகளில் கற்றது. நாம் முதலாம் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம்.

“பொருள் கொடுப்போர் முகத்தை நீக்கினால் பரிசுக்குப் பணம் எங்கிருந்து வரும்?” என்பது போட்டி நடத்துவோர் எழுப்பும் தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று, கோப்பையும் விளக்கும் உணவும் நன்கொடையாலேயே வருகின்றன. இதற்கு நம் முன்னோரே விடை காட்டிச் சென்றனர். நந்தா விளக்கிற்கு ஆடு கொடுத்தவன் பெயரும், குளம் வெட்டியவன் பெயரும் கல்வெட்டில் எழுத்தாக நிற்கின்றன. தந்தவன் இன்னான், தந்தது இத்துணை என்பதை அவ்வெழுத்து நூற்றாண்டு கடந்தும் சொல்கின்றது. அதுபோலப் பதாகையின் அடியில் ஒரே அளவான எழுத்தில் கொடையாளர் பெயர்கள் நிரல்படட்டும். பெரியோர் சிறியோர் என்னும் பிணக்கும் அதனால் ஒழியும். முகத்தை அளவிட்டு மூண்ட சண்டைகளை அறிந்தோர் இதன் நன்மையை அறிவர்.

இனி, ஆக்கநெறியாக நாம் கூறுவன மூன்று. முதலாவது, ஆட்டத்தின் உயிர்க்கணம் ஒன்றைத் தேர்ந்து அதனையே நடுவில் வைத்தல் வேண்டும். பாடிச் சென்றவன் தரையில் வீழ்ந்து நடுக்கோட்டை நோக்கிக் கைநீட்டுகின்றான். எதிரணியினர் அவனைப் பின்னிழுக்கின்றனர். நீட்டிய கை ஒரு சாய்கோடு. பற்றியவர் கூட்டம் ஒரு வளைவு. குளுட்சிஸ் வட்டத்தாலும் கோட்டாலும் தேடிய வடிவம் நம் புழுதியில் மாலைதோறும் தானே வரையப்படுகின்றது! இரண்டாவது, எழுத்தும் ஆட வேண்டும். கபடி ஒரே மூச்சில் பாடப்படும் ஆட்டம். ‘கபடி கபடி’ என்னும் சொல்லே வீரன் வாயினின்றும் புறப்பட்டுச் சிறுத்துச் சிறுத்து நடுக்கோட்டில் முடியுமாறு எழுதினால், அம்மூச்சு கண்ணுக்குத் தெரியும். சித்திரகவி கற்ற நாட்டார்க்கு இஃது அரிதோ? மூன்றாவது, நிறம் இரண்டே போதும். அவை எக்குலத்திற்கும் உரியவாகாமல், கருப்பும் வெள்ளையும் மண்ணின் செம்மையும் போல எல்லோர்க்கும் பொதுவாய் அமைக.

இத்தொழிலுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கைபேசிப் புகைப்படம், ஒரு கத்தரி, சிறிது பசை, துணிந்த கண் ஆகியவை போதும். தமிழ் பயிலும் நாம் பழஞ்சுவடிகளின் அழகை மட்டும் பேசி அமைந்துவிடலாகாது. வீதிச் சுவரில் உள்ள தமிழின் வடிவுக்கும் நாமே பொறுப்பாளிகள். மாணவத் தோழர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரில் போட்டி நிகழுமாயின், அறிவிப்புத்தாளை அமைக்கும் பணியை நீங்களே கேட்டு வாங்குங்கள். அதில் அணியினர் எழுவர் பெயரையும் குலப்பெயர் ஒட்டாது அச்சிடுங்கள். நடுவிலே ஆடுகின்ற உடலை நிறுத்துங்கள். அத்தாள் நாலு நாளில் கிழிந்துவிடும், கிழியட்டும். தன் பெயரைச் சுவரில் முதன்முதலாகக் கண்ட சிறுவன் ஒருவன் அதனை நெடுநாள் மறவான்.